ஊழியத்துக்குப் படிக்கப் போகிறீர்களா? கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன வருடம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து சபைத் திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பெருந்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவன் வந்தான். பி.காம். முடித்தவன். கையில் ஒரு வேதாகமக் கல்லூரியின் விண்ணப்பம். எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தான். பரிந்துரைப்பவர் கையெழுத்து மட்டும் பாக்கி.

"அண்ணா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"படிச்சுப்போட்டு எந்தச் சபைக்குக் கண்ணு ஆயராப் போறே?"

"அது முடிச்சுட்டுப் பாத்துக்கலாமுங்கண்ணா."

குருசேகரக் கமிட்டியில், அதாவது ஓர் ஆயரின் கீழ் உள்ள சபைகளை நிர்வகிக்கும் குழுவில், உட்கார்ந்த இத்தனை வருடத்தில் இந்தப் பதிலை நான் கேட்காத கோடை விடுமுறை இல்லை. முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று போன ஒருவர், மூன்று வருடம் படித்த சான்றிதழோடு திரும்பி வந்தார். அந்தச் சான்றிதழை எங்கள் திருமண்டலமும் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின் வட்டாரம்) ஏற்கவில்லை, அவர் போய்க் கேட்ட வேறு இரண்டு சபைகளும் ஏற்கவில்லை. இப்போது பவானியில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறார். அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. சேரும்போது அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டிய நாங்களே கேட்கவில்லை.

அதனால் தம்பியின் விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அன்று அவனிடம் அரை மணி நேரம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சாரம் இதுதான்: அழைப்பு உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருப்பது. சான்றிதழ் கல்லூரி கொடுப்பது. குருப்பட்டம் சபை கொடுப்பது. மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல், சபையை முதலில் பிடித்து, கல்லூரியை அதற்குப் பிறகு பாருங்கள்.

முதல் படி: உங்கள் தலைமேல் யார் கை வைக்கப் போகிறார்?

'ஆயர்' என்ற சொல்லே இங்கே ஆளுக்கொரு பொருள் தரும். சி.எஸ்.ஐ.யில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், ஆயர் என்றால் உள்ளூர்ச் சபையை நடத்தும் குருவானவர். அவருக்கு மேலே பேராயர். கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர். ஊரில் இருப்பவர் பங்குத்தந்தை. பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டர், போதகர். "நான் ஆயராகப் போகிறேன்" என்று கோயமுத்தூர் பெரிய கடை வீதியில் கத்தோலிக்கரின் மைக்கேல் கோயில் வாசலில் நின்று சொன்னால் சிரிப்பார்கள்.

சொல் போகட்டும், எல்லை முக்கியம். எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அதுதான் முடிவு செய்யும். கோயமுத்தூருக்கு லண்டன் மிஷன் 1830இல் வந்தது. மிஷனரிப் பாதிரியார் ஆடிஸ் ஐயர் காலம். ஈரோட்டில் அதே மிஷனின் பிரப் ஐயர். பிரப் ரோடு என்று நாம் சொல்லும் சாலையில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் சொந்தக்காரரைத் தெரியும்! லண்டன் மிஷன் சபைகளில் பேராயர் கிடையாது. சபையார் கூடித்தான் முடிவு செய்வார்கள். 1908இல் அவை தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோதுதான் பேராயர் கை வைத்து அபிஷேகம் செய்யும் முறை இந்தச் சபைகளுக்கு வந்தது. கோவைத் திருமண்டலம் 1950இல் உருவாயிற்று. முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி. பக்தி நெறி வழியாகக் கிறிஸ்தவத்தைப் புரிந்துகொள்ளலாம் என்று எழுதிய இறையியலாளர் அவர். இந்த வரலாற்றைச் சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவரை ஆயர் படிப்புக்கு அனுப்புவதில் சபையாரின் பேச்சுக்கு இன்னமும் இருக்கும் கனம், அந்தப் பழைய லண்டன் மிஷன் பழக்கத்தின் மிச்சம் என்று நான் நினைக்கிறேன்.

தாராபுரம், கரூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் வேலை செய்த இடம். அதனால் சி.எஸ்.ஐ. கணக்கில் நீங்கள் திருச்சி-தஞ்சைத் திருமண்டலம். தாராபுரத்துக்காரர்கள், திருப்பூர் மாவட்டத்தில்தானே குடியிருக்கிறோம் என்று கோவைக்கு விண்ணப்பம் போட்டு அலையாதீர்கள்.

கத்தோலிக்கர்களுக்கு: கோவை மறைமாவட்டம் 1886இல் ஏற்பட்டது. சேலம், நாமக்கல் பக்கம் 1930இல் ஏற்பட்ட சேலம் மறைமாவட்டம். நீலகிரியும் சத்தியமங்கலம் பக்கமும் 1955இல் ஏற்பட்ட உதகை. கோவையில் குடியேறிய சீரோ மலபார் (கேரளத்து மரபுக் கத்தோலிக்கர்) குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 2010 முதல் இராமநாதபுரத்தில் தனி மறைமாவட்டமே இருக்கிறது. அந்த இராமநாதபுரம் கோவை நகருக்குள் இருப்பது. தெற்கே உள்ள மாவட்டம் இல்லை.

இரண்டாம் படி: படிக்கப் போகும் முன் ஒரு வருடம் சொந்தச் சபையில்

இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ஆனால் நேர்காணலில் முதலில் கேட்பது இதைத்தான்: "சபையில என்ன பண்ணிட்டு இருக்கீங்க?" கிட்டார் வாசிக்கிறேன் என்பது பதில் அல்ல.

ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பை எடுத்து வருடம் முழுக்க நடத்துங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆயரோடு கூடப் போங்கள். ஒரு சாவு வீட்டில் முதல் நாள் ராத்திரியிலிருந்து அடக்கம் வரை இருந்து பாருங்கள். எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத படிப்பு அது. தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் விசுவாசிக் குடும்பத்தை மாதம் ஒருமுறை பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கீர்த்தனையும் பாமாலையும் சுருதியோடு பாட வராவிட்டாலும் புத்தகம் பார்க்காமல் பத்துப் பாட்டாவது வரவேண்டும்.

திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். இந்தி பேசத் தெரிந்த தமிழ் ஆயர் இங்கே அபூர்வம். அந்த ஒரு வருடத்தில் இந்தியும் கற்றுக்கொண்டால், சீமைக்குப் போகாமலே மிஷனரி ஆகலாம்.

வீட்டு நிலவரத்தையும் இந்த வருடத்திலேயே தெளிவாக்குங்கள். அப்பாவின் விசைத்தறிக் கடன், தங்கச்சி கல்யாணம், சொத்துப் பாகம் எல்லாம் நேர்காணலில் வரும். மறைத்தால் பிறகு வேறு வழியில் வெளிவரும். குடும்பத்தில் நீங்கள்தான் முதல் தலைமுறை விசுவாசியா? வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அவசரப்படாதீர்கள். புதிதாக வந்தவரைக் கண்காணியாக, அதாவது சபையை நடத்துபவராக, வைக்க வேண்டாம் என்று 1 தீமோத்தேயு 3:6 சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர் போதிய அளவு சோதித்தறியப்பட்டார் என்று ஆயர் முடிவு செய்யும்வரை குருப்பட்டம் தடை என்கிறது.

மூன்றாம் படி, சி.எஸ்.ஐ. வழி

நான் அருகிலிருந்து பார்த்த வழி இது என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் ஆயரிடம் வாயால் சொல்வதில் தொடங்குகிறது. அவர் ஒத்துக்கொண்டால் குருசேகரக் கமிட்டிக்கு எழுத்தில் விண்ணப்பம். கமிட்டி தீர்மானம் போட்டுப் பரிந்துரைக்கும். அது திருமண்டல அலுவலகம் போய், ஆயர்களைத் தெரிவு செய்யும் குழுவின் முன் வரும். வேதாகம அறிவுத் தேர்வு, ஆங்கிலம், நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று போகும். தேறினால் நீங்கள் 'திருமண்டல மாணவர்'. அந்தச் சொல்லுக்குத்தான் எல்லா மதிப்பும். திருமண்டலம் அனுப்பிப் படிப்பவரும் சொந்தக் காசில் படிப்பவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பட்டம் வாங்கலாம். முடித்த பிறகு ஒருவருக்கு இடம் காத்திருக்கும், மற்றவர் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்.

கமிட்டியில் என்ன நடக்கும் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். சிலர் பையனைப் பார்ப்பார்கள். சிலர் பையனின் அப்பா போன தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று பார்ப்பார்கள். சாதி பேசாத சபை என்று மேடையில் சொல்லிக்கொள்வோம். கமிட்டி அறையில் அது முழு உண்மை இல்லை. ஒருமுறை மறுத்துவிட்டால் காரணத்தைப் பணிவாகக் கேளுங்கள், அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பியுங்கள். இரண்டாம் முறை வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்து மனம் மாறியவர்களை எனக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு அடுத்த தெரு சபைக்குப் போனவர்கள் அங்கேயும் ஒரு கமிட்டியைத்தான் சந்தித்தார்கள்.

படிப்பு பி.டி., இறையியலில் முதல் பட்டம். பல இறையியல் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துப் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட் நடத்துவது அது. பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தால் ஐந்து ஆண்டு, பட்டதாரிக்கு நான்கு ஆண்டு. ஒரு கல்லூரிப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவதே நல்லது. தெரிவுக் குழுவும் பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்க்கும். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபை வரலாறு, இறையியல், பிற சமயங்கள், அறநெறி, அருளுரைக் கலை, ஆலோசனைப் பணி எல்லாம் உண்டு. எபிரெயு, கிரேக்கமும் வரும். எபிரெய எழுத்து வலமிருந்து இடமாகப் போகும் என்று தெரிந்த முதல் வாரம் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். பயப்பட வேண்டாம், உளறி உளறித்தான் எல்லாரும் கற்றார்கள்.

வங்காளத்தில் இருக்கும் செராம்பூருக்கு என்ன அதிகாரம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வில்லியம் கேரியும் கூட்டாளிகளும் 1818இல் தொடங்கிய கல்லூரி அது. ஊர் அப்போது டேனிஷ்காரர் வசம் இருந்ததால், டென்மார்க் அரசர் 1827இல் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனம் கொடுத்தார். நம் தரங்கம்பாடியும் அதே டேனிஷ்காரர் வசம் இருந்த ஊர்தான். அங்கே 1733இல் ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியரில் முதல் புராட்டஸ்டண்ட் குருவானவர் அவரே.

எந்தச் செமினரி? திருமண்டலம் அனுப்பும் இடத்துக்குத்தான் போக வேண்டும், ஆனால் விருப்பம் கேட்பார்கள். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழில் இறையியல் கற்பிக்கும் இடம். மாணவரை வளாகத்துக்கு வெளியே எளிய மக்களின் குடியிருப்பில் தங்கவைத்துப் படிக்கச் செய்வது அதன் தனித்தன்மை. கிராமியப் பாட்டிலும் பறையிலும் வழிபாட்டை அமைத்துக் காட்டிய தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்று எல்லாரும் சொல்வார்களே, அவர் அங்கே ஆசிரியராக இருந்தவர். ஆங்கிலத்தில் படிக்கச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் கல்லூரி, பெங்களூரில் 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி. என்னைக் கேட்டால், அவினாசி, கோபி கிராமச் சபைகளில் வேலை செய்யப் போகிறவருக்கு முதல் பட்டம் தமிழிலும், மேற்படிப்பு வேண்டுமானால் ஆங்கிலத்திலும் இருப்பதே வசதி. ஆங்கிலத்தில் மட்டும் இறையியல் யோசித்துப் பழகியவர் பிரசங்க மேடையில் மொழிபெயர்த்துப் பேசுவது, கீழே உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

படித்து வந்தவுடன் அங்கி கிடைக்காது. சில காலம் மூத்த ஆயர் ஒருவரின் கீழ் பயிற்சி. பிறகு உதவிக்குருவாக, அதாவது டீக்கனாக, அபிஷேகம். பொதுவாக ஓராண்டாவது கழித்துக் குருவானவராக அபிஷேகம். பேராயரும் கூடியிருக்கும் ஆயர்களும் தலைமேல் கை வைப்பார்கள். வேதாகமத்தைக் கையில் கொடுப்பார்கள். டீக்கன் 'ஸ்டோல்' என்னும் நீண்ட தோள்துணியை ஒரு தோளில் குறுக்காக அணிவார், ஆயர் இரண்டு தோளிலும். தூரத்திலிருந்தே யார் யார் என்று கண்டுகொள்ள இந்த ஒரு அடையாளம் போதும். திருவிருந்து ஆராதனையை நடத்துவது ஆயருக்கு உரியது.

அக்கா தங்கைகளுக்கு: தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம் 1976 முதல் இருக்கிறது. 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயராகவே அபிஷேகம் பெற்றார். விதியில் தடை இல்லை. தடை இருப்பது "ஏம் அம்மிணி, கண்ணாலத்துக்கப்புறம் எப்படி?" என்று கேட்கும் வாய்களில். அதே கேள்வியை எந்தப் பையனிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கத்தோலிக்க வழி

இது பொறுமைசாலிகளின் வழி. பிளஸ் டூ முடித்த பிள்ளை குருவாக வெளிவரப் பத்து, பன்னிரண்டு வருடம் ஆகும்.

பங்குத்தந்தையிடம் சொன்னால் மறைமாவட்ட இறையழைத்தல் பணிக்குழுவுக்கு அனுப்புவார். தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் இறையழைத்தல் முகாம் நடக்கும். சில நாள் தங்கி, செபித்து, விளையாடிப் பேசி வருவதுதான். யாரும் யாரையும் பிடித்துவைக்க மாட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டால் இளங்குருமடம், அங்கிருந்தபடியே கல்லூரிப் பட்டம். பிறகு பெரிய குருமடம்: மெய்யியல் இரண்டு ஆண்டு, நடுவே பங்கிலோ பள்ளியிலோ களப்பணி ஆண்டு, இறையியல் நான்கு ஆண்டு. மெய்யியலும் இறையியலும் சேர்ந்து ஆறு ஆண்டாவது இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கோவையிலேயே நல்லாயன் குருமடம் இருக்கிறது. பூவிருந்தவல்லி திரு இருதயக் குருமடம், திருச்சி புனித பவுல் குருமடம், பெங்களூர் மல்லேஸ்வரம் புனித பேதுரு குருமடம் ஆகியவற்றுக்கும் அனுப்புவதுண்டு. எங்கே என்று ஆயர் முடிவு செய்வார். செலவை மறைமாவட்டம் பார்த்துக்கொள்ளும். வீட்டிலிருந்து இயன்றதைக் கொடுக்கலாம்.

திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழும் பெற்றோரின் கோயில் திருமணச் சான்றிதழும் கேட்பார்கள். கருமத்தம்பட்டி போன்ற பழைய பங்குகளில் பதிவேட்டில் பெயர் எழுத்து மாறியிருப்பது சாதாரணம். 'சவரிமுத்து' பள்ளிச் சான்றிதழில் 'சேவியர்' ஆகியிருப்பார். அதை முதல் வருடத்திலேயே சரிசெய்துவிடுங்கள்.

வாசகர், பீடத்துணைவர் பணிகள் முதலில் தரப்படும். பிறகு திருத்தொண்டர் பட்டம். குறைந்தது 23 வயது. குருப்பட்டத்துக்கு 25. இரண்டுக்கும் நடுவே ஆறு மாதமாவது இடைவெளி. மணத்துறவு வாக்கு திருத்தொண்டர் பட்டத்தோடு வந்துவிடுகிறது. குருப்பட்ட நாளுக்கு முன்னாலேயே முடிவு எடுத்தாகிவிட்டது என்று பொருள். பட்டத்துக்கு முன் ஐந்து நாளாவது தியானம். பட்டமளிப்பு அன்று பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடக்க, மக்கள் புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடுவார்கள். ஆயர் பேசாமல் தலைமேல் கை வைப்பார், உள்ளங்கைகளில் எண்ணெய் பூசுவார். அந்த மௌனத்தில் அழாத அம்மாவை நான் பார்த்ததில்லை.

சேசு சபை, சலேசியர், கப்புச்சின் போன்ற துறவற சபைகளில் சேர்ந்தால் வழி கொஞ்சம் மாறும். குறைந்தது ஓராண்டு நவதுறவகம் என்னும் தொடக்கப் பயிற்சி, தற்காலிக வார்த்தைப்பாடு (துறவற வாக்கு), சில ஆண்டு கழித்து நித்திய வார்த்தைப்பாடு. மறைமாவட்டக் குரு பெரும்பாலும் நம் பக்கத்துப் பங்குகளுக்குள் சுற்றிவருவார். துறவறக் குருவைச் சபை எங்கே வேண்டுமானாலும் அனுப்பும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊர்ப்பக்கமே இருக்க வேண்டும் என்றால் இதை யோசித்துச் சேருங்கள். சகோதரிகளுக்குக் கத்தோலிக்கத்தில் குருப்பட்டம் இல்லை. துறவற வாழ்வு உண்டு.

பெந்தெகொஸ்தே, தனிச் சபைகள், மற்றவை

அசெம்பிளிஸ் ஆஃப் காட், ஐ.பி.சி. (இந்திய பெந்தெகொஸ்தே சபை) போன்ற பெரிய அமைப்புகளில் படிநிலை தெளிவாக உண்டு. வேதாகமக் கல்லூரி, மூத்த போதகரின் கீழ் சில ஆண்டு ஊழியம், அமைப்பின் அங்கீகாரம், பிறகுதான் அபிஷேகம். பெந்தெகொஸ்தே மிஷன் வேறு உலகம். திருமணம் செய்யாமல், சம்பளம் இல்லாமல், விசுவாச வீட்டில் கூட்டாக வாழ்ந்தே ஊழியராக உருவாகிறார்கள். செமினரிப் பட்டம் அங்கே பேச்சே இல்லை. சகோதர சபையாரிடம் (பிரதரன் என்பார்கள்) குருப்பட்டமே கிடையாது, மூப்பர்கள்தாம். இரட்சணிய சேனையில் அதிகாரிப் பயிற்சி இரண்டு ஆண்டு, தங்கிப் படிப்பது.

தனிச் சபைகள்தாம் நம் பக்கம் வேகமாகப் பெருகுகின்றன. அவற்றில் மணியான போதகர்கள் இருக்கிறார்கள். வாரமெல்லாம் கம்பெனியில் செக்கிங் வேலை, ஞாயிறு ஊழியம் என்று வாழ்கிறவரைப் பார்த்தால், கூடாரம் பண்ணிப் பிழைத்த பவுல் நினைவுக்கு வருகிறார். ஆனால் இதே வெளியில்தான் வியாபாரமும் நடக்கிறது. மூன்று நாள் கருத்தரங்கு, பணம் கட்டினால் 'ரெவரெண்ட்' சான்றிதழ், இன்னும் கொஞ்சம் கட்டினால் ஹோட்டல் ஹாலில் கவுன் போட்டு 'டாக்டர்' பட்டம். என் சொந்தக்காரர் ஒருவரே வாங்கி வந்து வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகள் சொல்லிவிட்டாள்.

தனிச் சபைப் பிள்ளைகளுக்கு என் யோசனை: உங்களுக்கு அபிஷேகம் பண்ணப் போகிறவர் யார், அவருக்கு யார் பண்ணினார்கள், நீங்கள் தவறினால் உங்களைக் கண்டிக்க யாருக்கு அதிகாரம் என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் சேராதீர்கள்.

திருமணப் பதிவேடு என்னும் கண்ணி

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நல்ல போதகர்களே தெரியாமல் மாட்டிக்கொள்வதுதான். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், யார் திருமணம் நடத்தலாம் என்று 5ஆம் பிரிவில் வரையறுக்கிறது. பேராயரிடம் குருப்பட்டம் பெற்றவர் தம் சபை முறைப்படி நடத்தலாம். சி.எஸ்.ஐ. ஆயருக்கும் கத்தோலிக்கக் குருவுக்கும் அதிகாரம் வருவது இந்த வழியில். பேராயர் இல்லாத சபைப் போதகருக்கு அபிஷேகம் மட்டும் போதாது. அந்தச் சட்டப்படி அரசு வழங்கும் உரிமம் வேண்டும். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் திருமணச் சான்று கொடுக்க 9ஆம் பிரிவில் தனி உரிமம் இருக்கிறது.

அதிகாரம் இல்லாமல் திருமணம் நடத்தினால் 68ஆம் பிரிவின்படி பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். அதற்கு மேல், அந்த மணமக்கள் விசாவுக்கோ வாரிசுச் சான்றுக்கோ போகும்போது வரும் அல்லல் வேறு. உரிமம் கிடைக்கும்வரை ஜெபத்தை நீங்கள் செய்யுங்கள். திருமணத்தைப் பதிவாளரிடமோ உரிமம் உள்ள மூத்த போதகரிடமோ விடுங்கள்.

நேரமும் சட்டத்தில் உண்டு: பொது விதி காலை 6 முதல் மாலை 7 வரை. பிரம்ம முகூர்த்தத்தில் தாலி கட்டிப் பழகிய சொந்தபந்தம் "விடியறதுக்குள்ள முடிச்சுப்போடலாமுங்க" என்று கேட்கும். முடியாதுங்க என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

கல்லூரி வாசலில் கேட்க வேண்டியவை

சபை முடிவான பிறகு கல்லூரி எளிது. செராம்பூர் செனட்டோடு இணைந்ததா, ஏ.டி.ஏ. (ஆசிய இறையியல் சங்கம்) அங்கீகாரம் உள்ளதா, எதுவும் இல்லாததா என்று பாருங்கள். ஏ.டி.ஏ. பட்டத்தைப் பல சுவிசேஷ சபைகள் ஏற்கும், சி.எஸ்.ஐ. பொதுவாகச் செராம்பூரைத்தான் கேட்கும். விளம்பரத்தில் 'சர்வதேச அங்கீகாரம்' என்று மட்டும் போட்டிருந்தால், எந்த நாட்டில் யார் கொடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். போன வருடம் முடித்தவர்களில் இரண்டு பேரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். நூலகத்துக்குள் போய்ப் பாருங்கள். அலமாரியில் பூட்டு தொங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். அரசு வேலைக்கு இந்தப் பட்டம் உதவும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேலையை விடமுடியாதவர்களுக்கும் வழி உண்டு. செராம்பூர் செனட் அஞ்சல் வழியில் கிறிஸ்தவக் கல்விப் பட்டயமும் பட்டமும் நடத்துகிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃப்டீ, வீட்டிலிருந்து படித்துக் குழுவாகக் கூடிக் கற்கும் முறை. குருப்பட்டத்துக்கு இவை மாற்றாகாது. ஆனால் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியருக்கும் உபதேசியாருக்கும் கமிட்டி உறுப்பினருக்கும் இதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை. சொல்லப்போனால் என்னைப் போன்றவர்கள் முதலில் படித்திருக்க வேண்டும்.

நாள்காட்டி

செமினரிகள் ஜூன், ஜூலையில் திறக்கும். திருமண்டலத் தெரிவு அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். அதற்கும் முன்னால் கமிட்டித் தீர்மானம், அதற்கும் முன்னால் ஆயரோடு பேச்சு. பின்னோக்கி எண்ணினால், அடுத்த ஜூனில் சேர நினைப்பவர் இந்த ஜூனிலேயே வாய் திறக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார் எல்லாவற்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பட்டியலினத்திலிருந்து கிறிஸ்தவரான குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றுதான் கிடைக்கும். கல்வி உதவித்தொகைக்கு அது தேவைப்படலாம். தாலுகா அலுவலகத்துக்கு நடையாக நடக்க நேரம் ஒதுக்குங்கள்.

தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். டீ ஆறிப்போயிருந்தது. படி இறங்கும்போது திரும்பி, "அண்ணா, நம்ம கமிட்டி அடுத்து எப்பங்க கூடுது?" என்று கேட்டான். அந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி என்றேன்.